கிழவிக்கு எத்தனை மதிப்பெண்?

ஓட்டுநரில்லாத கார் ஒன்று வருகிறது. பிரேக் பிடிக்கவில்லை. நேரே போனால் சாலையைக் கடக்கும் ஒரு கிழவி சாவாள். வளைத்துத் திருப்பினால் ஒரு சிறுவன் சாவான். யாரைக் கொல்லலாம், சொல்லுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் 2016இல் ‘மாரல் மெஷின்’ என்ற பெயரில் இணையத்தில் வைத்த விளையாட்டு இப்படிப்பட்டது. 233 நாடுகளிலிருந்தும் ஆட்சிப்பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 4 கோடி முடிவுகள் வந்து குவிந்தன. 2018இல் ‘நேச்சர்’ இதழில் கணக்கு வெளியானது. தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தை, சிறுமி, சிறுவன், கர்ப்பிணி ஆகியோர் பட்டியலின் உச்சியில் இருந்தார்கள். அடியில் நாயும் குற்றவாளியும் பூனையும். அவற்றை ஒட்டினாற்போலச் சற்று மேலே கிழவனும் கிழவியும்.

இந்த வரைபடத்தை ஒரு கருத்தரங்கில் பெரிய திரையில் போட்டுக் காட்டிய பேச்சாளர், “இதுதான் மனிதகுலத்தின் அறம். இனி இயந்திரங்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதுதான் பாக்கி” என்றார். அரங்கம் தலையாட்டியது. முன்வரிசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் அறுபதைக் கடந்தவர்கள். பூனைக்குப் பக்கத்தில் தங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் ஒரு பெண்கள் கல்லூரியில் பத்தொன்பது வருடமாக விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். எனக்கு அந்தக் கிழவியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அறவுணர்வு என்ற ஒன்று மனிதரிடம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு என் துறையில் இன்றிருக்கும் பதில்களில் ஒன்று, வலுவான ஒன்று, அவளைத்தான் கைகாட்டுகிறது.

விளையாடியவர்களில் பெரும்பாலோர் படித்த இளம் ஆண்கள் என்பதை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. இதை அப்படியே சட்டமாக்குங்கள் என்றும் அவர்கள் சொல்லவில்லை. ஜெர்மனி 2016இல் அமைத்த அறநெறி ஆணையமோ வயது, பால் போன்றவற்றைப் பார்த்து யாரையும் தரம் பிரிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஆகவே என் சண்டை விடைகளோடு இல்லை. ‘யாரைக் கொல்லலாம்’ என்பதுதான் அறத்தின் முதல் கேள்வி என்று யார் முடிவு செய்தார்கள்? அந்தக் கிழவி எங்கே போய்க்கொண்டிருந்தாள், யாருக்குச் சோறு கொண்டுபோனாள், எந்தப் பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பினாள் என்று அந்த விளையாட்டில் யாரும் கேட்க முடியாது. கேட்க அங்கே பொத்தான் இல்லை.

பெண் குரங்குகளில் மிகப்பெரும்பாலானவை பிள்ளைபெறும் காலம் முடிந்தபின் அதிக நாள் வாழ்வதில்லை. மனிதப் பெண்ணோ மாதவிலக்கு நின்ற பிறகும் இருபது, முப்பது வருடம் வாழ்கிறாள். இயற்கைத் தேர்வின் கணக்கில் இது விசித்திரம். இனி பிள்ளை பெறாத உடம்பைப் பரிணாமம் எதற்காகப் பாதுகாத்து வைத்தது? வடக்கு டான்சானியாவில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களோடு 1980களில் இருந்து பார்த்த கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய சகாக்களும் ஒரு விடை சொன்னார்கள். அங்கே கிழவிகள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. இளம் பெண்களைவிடக் கூடுதல் நேரம் காட்டில் இருந்தார்கள். இறுகிய மண்ணைக் குச்சியால் தோண்டி ஆழத்திலிருந்து கிழங்கு எடுத்தார்கள். பால் மறந்த பிள்ளைக்கு அந்தக் கிழங்கைத் தானாகத் தோண்டி எடுக்கத் தெம்பு கிடையாது. தாய் அடுத்த குழந்தையைப் பெற்று மடியில் வைத்திருக்கும் நாட்களில், மூத்த குழந்தையின் எடை ஏறுவதும் இறங்குவதும் பாட்டியின் உழைப்பைப் பொறுத்திருந்தது. பெரிய வேட்டைக்குப் போன ஆண்கள் பெரும்பாலான நாட்களில் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்கள் கொண்டுவரும் இறைச்சி திருவிழா என்றால், கிழவியின் கிழங்குதான் அன்றாடச் சோறு.

இதற்கு மறுப்புகளும் உண்டு, விவாதம் ஓயவில்லை. ஆனால் மனிதனை மனிதனாக்கியது வேட்டைதான், வேட்டைக்காக ஆண்கள் ஒன்றுசேர்ந்ததிலிருந்துதான் ஒத்துழைப்பும் நேர்மையும் பிறந்தன என்று அதற்கு முன்பு பல்லாண்டுகள் எழுதப்பட்டதே, அந்தக் கதைக்கு யாரும் இத்தனை சான்று கேட்டதில்லை. 1966இல் சிகாகோவில் நடந்த பெரிய மாநாட்டின் பெயரே ‘வேட்டைக்காரனாக மனிதன்’. கிழங்கு தோண்டியவளுக்கு மாநாடு கூட்ட யாருக்கும் தோன்றவில்லை.

சாரா பிளாஃபர் ஹர்டி 2009இல் எழுதிய நூலில் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். சிம்பன்சித் தாய் தன் குட்டியை முதல் சில மாதங்கள் இன்னொருத்தி கையில் தரமாட்டாள். மனிதக் குழந்தையோ பிறந்த நாளிலிருந்து கை மாறுகிறது. பாட்டி, அக்கா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி, சில சமயம் அப்பா. இத்தனை கைகளில் எந்தக் கை தன்னை ஏந்தும், எந்த முகம் இளகும் என்று படித்தறிந்த குழந்தை பிழைத்தது, படிக்கத் தெரியாதது பிழைக்கவில்லை. பிறர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று உணரும் திறமை அப்படித்தான் நம்மிடம் தேறியது என்பது அவர் வாதம். பிறர் மனத்தை உணராத உயிருக்கு நியாயமும் இல்லை, குற்றவுணர்வும் இல்லை. அப்படியானால் அறத்தின் பிறப்பிடத்தைத் தேடிப் போர்க்களத்துக்கும் வேட்டைக்களத்துக்கும் சபைக்கும் போகவேண்டியதில்லை. இடுப்பில் பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கிய முற்றத்துக்குப் போனால் போதும்.

ஹர்டி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி நம் நாட்டின் ஊடாகப் போகிறது. 1971இல், இருபதுகளின் நடுவில் இருந்த அவர், ராஜஸ்தானின் அபு மலைக்கு வந்து அனுமன் குரங்குகளைப் பின்தொடர்ந்தார். கருமுகமும் சாம்பல் உடலுமாகக் கோயில் வாசல்களில் உட்கார்ந்திருக்கும் அந்த இனத்தைத்தான் நம் பழந்தமிழ் முசு என்றது. பெண்ணுக்கு மந்தி என்றும் ஆணுக்குக் கடுவன் என்றும் தனித்தனிப் பெயரே வைத்திருந்தது. வெளியிலிருந்து வந்த கடுவன் ஒரு கூட்டத்தைக் கைப்பற்றினால், முந்தைய கடுவனுக்குப் பிறந்த குட்டிகளைத் தேடிக் கொல்லும். இதை யுகிமாரு சுகியாமா தார்வாரில் ஏற்கனவே பதிவு செய்திருந்தார். குட்டி போன தாய் சீக்கிரம் மறுபடி கருத்தரிக்கத் தயாராவாள். அது கடுவனுக்கு லாபம். இதுவரைக்கும் கதை கடுவனுடையது. மந்திகள் என்ன செய்தார்கள் என்று கூடவே குறித்துக்கொண்டுவந்ததுதான் ஹர்டி செய்த காரியம்.

மந்திகள் சும்மா இருக்கவில்லை. சோல் என்று அவர் பெயரிட்ட ஒரு கிழட்டு மந்தி இருந்தாள். பிள்ளைபெறும் வயது போய்விட்டது, கூட்டத்தில் ஓரமாக இருப்பவள், உணவில் கடைசிப் பங்குக்காரி. கடுவன் ஒருத்தியின் குட்டியைக் குறிவைத்துப் பாய்ந்தபோது இந்தக் கிழவிதான் இன்னொரு மூத்த மந்தியோடு சேர்ந்து, தன்னைவிட எவ்வளவோ பெரிய அவன்மேல் திரும்பத் திரும்பப் பாய்ந்தாள். குட்டி அவள் பெற்றது கிடையாது. இதை வெறும் உறவுக்கணக்கு என்று விளக்கலாம், கூட்டத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரிகள்தான். விளக்கிக்கொள்ளுங்கள். போர்வீரன் தன் ஊருக்காகச் செத்தால் அதற்குத் தியாகம் என்று கல் நடுகிறோம். அங்கே யாரும் உறவுக்கணக்கு பார்ப்பதில்லையே என்பதுதான் என் சந்தேகம்.

மந்திகளுக்கு இன்னொரு தந்திரமும் இருந்தது. அவர்கள் ஒரே கடுவனோடு நிற்கவில்லை. வெளியிலிருந்து வரும் கடுவன்களோடும் கூடினார்கள். யாருடைய குட்டி இது என்ற கணக்கைக் குழப்பிவிட்டால், தன்னுடையதாக இருக்கலாம் என்ற நிலையில் கடுவன் கைவைக்கத் தயங்குவான். டார்வின் காலத்திலிருந்து பெண் விலங்கு நாணமுள்ளது, ஒதுங்கி நிற்பது, ஆணுக்காகக் காத்திருப்பது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அபு மலையின் மந்தியோ தன் குட்டியின் உயிரைக் காப்பாற்றவே ‘கற்பை’ விட்டாள். வகுப்பில் இந்த இடத்தைச் சொல்லும்போது கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பும், பிறகு ஒரு மௌனம் விழும். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும்.

ஏனென்றால் நம் மொழியில் ஒழுக்கம் என்ற சொல்லுக்கு இரண்டு அகராதிகள் இருக்கின்றன. ஒழுக்கமான பையன் என்றால் குடிக்கமாட்டான், சம்பளத்தை வீட்டில் கொடுப்பான், பெரியவர்களிடம் மரியாதையாக இருப்பான். ஒழுக்கமான பெண் என்றால் ஒரே ஒரு பொருள்தான். அவள் லஞ்சம் வாங்கலாம், வேலைக்காரியை அடிக்கலாம், சாதி பார்த்துத் தம்ளரைத் தனியாக வைக்கலாம். ஒழுக்கம் கெடாது. 1942இல் நூலாக வந்த ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்பதில் பெரியார் எடுத்துக்கொண்ட முதல் பொருளே கற்பு. அந்தச் சொல் பெண்ணின் தலையில் மட்டும் ஏன் சுமத்தப்பட்டது என்று அவர் கேட்டு எண்பது வருடம் தாண்டிவிட்டது.

சுமையைப் பாராட்டாக மாற்றித் தருவது இன்னும் நுட்பமான வேலை. அதையும் டார்வினே செய்திருக்கிறார். அறவுணர்வு வானத்திலிருந்து இறங்கவில்லை, கூடிவாழும் விலங்குகளின் உள்ளுணர்விலிருந்தும் பெற்றோர் பிள்ளைப் பாசத்திலிருந்தும் வளர்ந்தது என்று 1871இல் எழுதிய துணிச்சலுக்கு நான் அவருக்கு என்றும் கடன்பட்டவள். அதே நூலில்தான் பெண் மென்மையானவள், சுயநலம் குறைந்தவள், ஆனால் சிந்தனை வேண்டிய எதிலும் ஆண்தான் உச்சியை எட்டுவான் என்றும் எழுதினார். அன்டோனெட் பிரவுன் பிளாக்வெல் 1875இலேயே ஒரு நூல் எழுதி இதை மறுத்தார். 1881இன் கடைசியில் பாஸ்டனிலிருந்து கரோலைன் கென்னார்ட் என்ற பெண்மணி டார்வினுக்குக் கடிதம் போட்டார். பெண் அறிவில் தாழ்ந்தவள் என்று உங்கள் நூலைக் காட்டிச் சொல்கிறார்களே, அது உங்கள் கருத்துத்தானா என்று மரியாதையாகக் கேட்டார். 1882 ஜனவரியில் பதில் வந்தது. பெண்கள் அறக்குணத்தில் பொதுவாக ஆண்களைவிட உயர்ந்தவர்கள்தான், ஆனால் அறிவில் தாழ்ந்தவர்கள். சமமாக வேண்டுமென்றால் ஆண்களைப் போல அவர்களும் சம்பாதிக்கப் போகவேண்டும். அப்படிப் போனால் குழந்தைகளின் கல்வியும் வீட்டின் மகிழ்ச்சியும் கெட்டுப்போகும். பதிலின் சாரம் இதுதான்.

பாருங்கள், எவ்வளவு அழகான பேரம். அறம் உனக்கு, அறிவு எனக்கு. அறம் உன்னிடம் இருப்பதால் நீ வீட்டிலேயே இரு. கென்னார்ட் விடவில்லை. ஆணுக்குள்ள சூழலையும் வாய்ப்பையும் பெண்ணுக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு தீர்ப்பு எழுதுங்கள் என்று திருப்பி எழுதினார். பெண்கள் சம்பாதிக்காமல் எந்த வீடு ஓடியது என்றும் கேட்டிருக்கலாம். வயலில் நாற்று நடுபவளும் தறியில் உட்கார்ந்திருப்பவளும் அந்தக் கடிதப் போக்குவரத்தின் இரு முனைகளிலும் இல்லை.

அதனால், தோழிகளே, கிழவியின் கிழங்கையும் சோலின் பாய்ச்சலையும் சொன்னேன் என்பதற்காக, பெண்தான் அறத்தின் உருவம் என்ற மேடைப்பேச்சுக்கு என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். சிகாகோவில் 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குழாய்க்குள் அடைபட்ட கூட்டாளியை எலிகள் கதவைத் திறந்து விடுவித்தன. பக்கத்தில் சாக்லேட் வைத்திருந்தும் பல எலிகள் கூட்டாளியை வெளியே எடுத்து அதற்கும் பங்கு விட்டுவைத்தன. பெண் எலிகள் ஆறும் திறந்தன. ஆண் எலிகள் எல்லாம் திறக்கவில்லை. ஆறு எலிகளை வைத்துப் பெண்குலத்துக்குப் பட்டம் கட்ட நான் தயாராக இல்லை. மீர்கட் கூட்டங்களில் தலைவி தனக்குக் கீழுள்ளவர்களின் குட்டிகளைக் கொல்கிறாள். கோஸ்டா ரிகாவின் இரத்தம் குடிக்கும் வௌவால்களில் பெண்கள், இரண்டு மூன்று இரவு பட்டினி கிடந்தால் செத்துப்போகும் தோழிக்குத் தாங்கள் குடித்ததைக் கக்கி ஊட்டுகிறார்கள். ஜெரால்ட் வில்கின்சன் 1984இல் எழுதியது. இரண்டுமே பெண்தான், இரண்டுமே இயற்கைதான்.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். 1980களில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பெண்சிசுக்கொலைச் செய்திகள் வந்தபோது, எருக்கம்பாலோ நெல்மணியோ குழந்தையின் வாயில் வைத்த கை பல வீடுகளில் யாருடையது என்று நினைவிருக்கிறதா? பாட்டியுடையது. டான்சானியாவில் பேத்திக்குக் கிழங்கு தோண்டியவளும் இங்கே பேத்தியின் வாயில் நெல் வைத்தவளும் ஒரே உடம்புதான், மாதவிலக்கு நின்ற அதே வயதுதான். அங்கே குச்சியும் காடும் அவள் கையில் இருந்தன. எங்கே போய்த் தோண்டுவது, யாருக்குக் கொடுப்பது என்று அவளே முடிவு செய்தாள். இங்கே நிலம் மகனுடையது, வரதட்சணை அடுத்த வீட்டுக்குப் போவது, அவள் சோறே மகனின் தயவு. கருப்பையிலிருந்து அறம் சுரக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு பாட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கட்டும். 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்து சேலத்தில் தொட்டில் வைத்தது. குழந்தையைப் போட இடம் கொடுத்தார்கள், பெற்றவள் நிற்க இடம் கொடுக்கவில்லை. தாய்மை இரங்காத கல்நெஞ்சக்காரி என்று பத்திரிகைகள் அவளைத் திட்டின. வரதட்சணை கேட்டவனின் நெஞ்சு எதனால் ஆனது என்று யாரும் விசாரிக்கவில்லை.

எனவே நான் அறத்தைக் குணமாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அது வேலை. மண்ணைத் தோண்டுவது போல, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல, நேரமும் தெம்பும் கையில் கொஞ்சம் அதிகாரமும் வேண்டிய வேலை. அதற்குள் மறுப்பதும் அடங்கும். 2003இல் சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் கபூச்சின் குரங்குகளை வைத்துச் செய்த சோதனையை நீங்கள் காணொளியில் பார்த்திருக்கலாம். சிறு கல்லை ஆய்வாளர் கையில் கொடுத்தால் கூலியாக ஒரு துண்டு வெள்ளரிக்காய். பக்கத்துக் கூண்டில் அதே வேலைக்குத் திராட்சை. அதுவரை வெள்ளரியைச் சந்தோஷமாகத் தின்றவள் இப்போது அதைத் திருப்பி எறிகிறாள். எறிகிறாள் என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தச் சோதனையில் இருந்தவை பெண் குரங்குகள். கட்டுரையின் தலைப்பே சமமற்ற கூலியைக் குரங்குகள் மறுப்பதைப் பற்றியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை, அது வெறும் ஏமாற்றம் என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். பெண்ணின் அறம் என்றால் பொறுமை, விட்டுக்கொடுத்தல் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த என் மாணவிகளுக்கு வெள்ளரித்துண்டு பறந்து போய் விழுவதைப் பார்ப்பது நல்ல பாடம்.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். அதற்கு அறம் கற்றுக்கொடுப்பவர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலிருந்து கற்றுக்கொடுக்கிறார்கள்? அறவளர்ச்சிக்கு ஆறு படிக்கட்டு கட்டிய லாரன்ஸ் கோல்பர்க்கின் மூல ஆய்வில் இருந்தவர்கள் எல்லாரும் பையன்கள். சாகக்கிடக்கும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்பது அவருடைய புகழ்பெற்ற கேள்வி. மனைவிக்கு அந்தக் கதையில் ஒரு வசனம்கூடக் கிடையாது. கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய நூலில் பதினொரு வயது ஏமி வருகிறாள். திருடவும் கூடாது, அவள் சாகவும் கூடாது, கடன் வாங்கலாமே, கடைக்காரரிடம் எல்லாரும் உட்கார்ந்து பேசலாமே, அவன் ஜெயிலுக்குப் போய்விட்டால் அப்புறம் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்கிறாள். உயிரா சொத்தா என்று சட்டென்று கணக்குப் போட்ட ஜேக் என்ற பையனுக்கு மேல்படி கிடைத்தது, ஏமிக்குக் கீழ்ப்படி. கல்வியையும் வேலையையும் கணக்கில் எடுத்தால் ஆண் பெண் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசமில்லை என்று பிறகு வந்தவர்கள் காட்டினார்கள். சரிதான். படிக்கட்டை யார் கட்டினார், எதற்குக் கீழ்ப்படி என்று பெயர் வைத்தார் என்ற என் கேள்வி அதனால் தீரவில்லை.

கருத்தரங்குத் திரையில் பார்த்த காருக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. நிறுத்தமுடியாத டிராம், ஒரு பாதையில் ஐந்து பேர், மறுபாதையில் ஒருவர் என்ற புதிர். 1967இல் அதை எழுதியவர் ஃபிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயப் பெண் தத்துவவாதி. எதற்காக எழுதினார் தெரியுமா? கருக்கலைப்பைப் பற்றிய கட்டுரையில், வேறு பல உதாரணங்களோடு போகிற போக்கில் ஓர் உதாரணமாக. பிரிட்டனில் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே வருடம்தான். அந்தப் புதிருக்கு ‘டிராலி பிரச்சினை’ என்று பெயர் நிலைக்கச் செய்த ஜூடித் ஜார்விஸ் தாம்சனும் 1971இல் கருக்கலைப்பு உரிமைக்காக வாதாடி எழுதியவர். இரண்டு பெண்கள், ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய வழக்கு. ஐம்பது வருடத்தில் உடம்பு உதிர்ந்துபோயிற்று, டிராம் மட்டும் மிஞ்சியது. பிறகு அது காராயிற்று, கார் விளையாட்டாயிற்று, விளையாட்டு ‘மனிதகுலத்தின் அறம்’ ஆயிற்று.

நிஜக் கார் என்ன செய்தது? மாரல் மெஷின் முடிவுகள் அச்சேறிய அதே 2018இல், மார்ச் மாதம், அமெரிக்காவின் அரிசோனாவில் ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானோட்டிக் கார் ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. இரவு நேரம், அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். கிழவியா சிறுவனா என்று அந்தக் கார் எதையும் எடைபோடவில்லை. மோதுவதற்கு ஐந்து நொடிக்கு மேல் இருக்கும்போதே ஏதோ ஒன்று இருப்பதை அது உணர்ந்துவிட்டது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. இனம் தெரியாத பொருள், வாகனம், சைக்கிள் என்று பெயரை மாற்றிக்கொண்டே இருந்தது. கோடு போட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் மனிதர் சாலையைக் கடப்பார்கள் என்பது அதன் நிரலில் எழுதப்படவில்லை. காரோடு வந்த அவசர பிரேக் வசதியையும் சோதனைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். நிறுவனத்தின்மேல் குற்றவழக்கு இல்லை என்று அரசுத் தரப்பு முடிவு செய்தது. கண்காணிக்க உட்கார வைக்கப்பட்டு, போனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஊழியர் குற்றம் சாட்டப்பட்டு, 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். அவர்மேல் தவறே இல்லை என்று சொல்லவரவில்லை. செத்ததும் பெண், தண்டனை பெற்றதும் பெண், நிரலுக்கு நிபந்தனை விதித்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று கவனிக்கச் சொல்கிறேன். சாலையைக் கடக்கும் ஆளை ஆள் என்று அடையாளம் காணாத இயந்திரத்துக்கு, எந்த ஆளைக் கொல்லலாம் என்று நாலு கோடி முறை பாடம் எடுத்தாயிற்று.

பேசும் இயந்திரங்களின் கதை வேறு மாதிரி. அவற்றின் அறம் குரலிலேயே தொடங்குகிறது. நம் போனில் இருக்கும் உதவியாளருக்கு ஏன் பெண்குரல் என்று யோசித்திருக்கிறீர்களா? யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கைக்குத் தலைப்பாக எடுத்தது, கெட்ட வார்த்தையால் திட்டியபோது ஆப்பிளின் சிரி சொன்ன பதிலை: முடிந்தால் வெட்கப்படுவேன் என்பதை. டார்வின் கென்னார்டுக்கு வழங்கிய அறக்குணம் இதுதான்.

அதற்குப் பின் வந்த உரையாடும் இயந்திரங்கள் அப்படிக் குழைவதில்லை. வன்முறையாக எதையாவது கேட்டால் பண்பாக மறுக்கின்றன. அந்தப் பண்பு எங்கிருந்து வந்தது? இணையத்தில் இருப்பதையெல்லாம் அள்ளிப் படித்த இயந்திரத்துக்குள் வன்புணர்வும் குழந்தைவதையும் சாதி வசவும் சேர்ந்தேதான் போயிருக்கும். எது குப்பை என்று அதற்குக் காட்ட, முதலில் யாராவது அந்தக் குப்பையை வரிவரியாகப் படித்துப் பெயர் எழுதி ஒட்டவேண்டும். ஓபன்ஏஐ நிறுவனத்துக்காக இந்த வேலை கென்யாவின் நைரோபியில் நடந்ததை 2023 ஜனவரியில் ‘டைம்’ இதழ் வெளியிட்டது. கைக்கு வந்த கூலி மணிக்கு 2 டாலருக்கும் குறைவு. படித்த பிறகு தூக்கம் போனவர்கள், படித்தது கண்ணிலேயே நின்றவர்கள் பேசினார்கள்.

விடியுமுன் எழுந்து ஒருத்தி வாசல் கூட்டித் தெளித்துவிட்டுப் போகிறாள். எட்டு மணிக்குக் கதவைத் திறந்து வருகிறவர், நம் வாசல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பெருமூச்சு விடுகிறார். இயந்திரம் அறத்தில் முன்னேறிவிட்டது என்று வியக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு அந்த எட்டு மணி ஐயா நினைவுக்கு வருகிறார். பாட்டியின் கிழங்குக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கிறது. உழைப்பை மறைத்து, அதன் விளைவை வேட்டைக்காரனுடைய அறிவின் கணக்கில் எழுதுகிறார்கள். அவனுக்கு இப்போது பெயர் பொறியாளன். நைரோபியில் அந்த வேலையைச் செய்தவர்கள் பெண்களும் ஆண்களும்தான். எங்கும் பெண்தான் பலி என்று நான் பாட்டுப் பாடவில்லை. ஆனால் கூட்டுகிற வேலைக்கு உலகம் எப்போதும் ஒரே மாதிரிதான் கூலி தருகிறது, ஆண் கூட்டினாலும்.

2023 மே 1ஆம் தேதி நைரோபியில் 150க்கும் மேற்பட்டவர்கள் ஓரிடத்தில் கூடினார்கள். முகநூலுக்கும் டிக்டாக்குக்கும் சாட்ஜிபிடிக்கும் இப்படிக் குப்பை பொறுக்கியவர்கள், பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள். சொந்தமாகச் சங்கம் அமைப்பதென்று வாக்களித்தார்கள். இந்த வருடம் அந்தச் செய்தியை அறவுணர்வின் பரிணாமம் என்ற பாடத்தில், கபூச்சினுக்கு அடுத்ததாக வைத்திருக்கிறேன். பாடத்திட்டத்தில் இது இல்லையே என்றார் எங்கள் துறைத் தலைவர். சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாமாண்டு மாணவிகள் இருபத்தேழு பேர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.